காத்து நின்னப்புறம்தான் ஆறு வந்துச்சு: ஃபெஞ்சல் புயல் சமயத்துல கடலூர்ல நாங்க பட்டதும் பாத்ததும்

கடலூர் பக்கம் இருக்கறவங்க எந்த புயல் வந்தாலும் 'தானே' புயலோட கூட வச்சுத்தான் பேசுவாங்க. 2011 டிசம்பர் 30 விடியக்காலையில வந்தது அது, காத்து மணிக்கு 140 கிலோமீட்டர் வரைக்கும் அடிச்சு, பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பா வேரோட சாஞ்சு போச்சு. அதைப் பாத்தவங்களுக்கு மத்த புயலெல்லாம் புயலாவே தெரியாது. அதனால 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் வருது, காத்து 80, 90 கிலோமீட்டர்தான்னு நியூஸ்ல சொன்னப்போ, இதெல்லாம் ஒரு காத்தான்னு தெருவுல பாதிப்பேரு ஜன்னலைக்கூட சரியா சாத்தல. காத்தை மட்டும் வச்சுப் பாத்தா அவங்க சொன்னதுல தப்பே இல்ல. ஆனா எங்க வீட்டுக்குள்ள தொடையளவு தண்ணி நின்னது ஃபெஞ்சல்லதான், தானேல இல்ல. அதுவும் புயல் கரையைக் கடந்து ஒரு நாளைக்கு மேல ஆனப்புறம், வெளியில பெருசா மழையே இல்லாத நேரத்துல.

எங்க வீடு தென்பெண்ணை ஆத்துலேர்ந்து நடந்து போற தூரம். கீழ்வீட்டுல நாங்க, மாடியில ஒரே ஒரு ரூம், மீதி மொட்டை மாடி. வீட்டுல நானு, எங்க வீட்டுக்காரர், பத்தாவது படிக்கிற பையன், அப்புறம் எங்க அத்தை. அத்தைக்கு சுகர், முட்டிவலி, மாடிப்படி ஏற முடியாது. இதை ஏன் சொல்றேன்னா ஒவ்வொரு வீட்டுலயும் வேகமா நகர முடியாத ஒருத்தர் இருப்பாங்க, எந்த திட்டம் போட்டாலும் அவங்களை வச்சுத்தான் போடணும், நம்மளை வச்சு இல்ல.

முதல்ல காத்துக்கு என்ன பண்ணணும்னு சொல்லிடறேன், அது சின்ன விஷயம், ஆனா பண்ணாம விட்டா தலையில விழும். மொட்டை மாடியில இருக்கற சின்டெக்ஸ் டேங்கை முழுசா ரொப்பிடுங்க, காலி டேங்க் காத்துல எந்திரிச்சு பக்கத்து வீட்டு மேல போய் உக்காரும், ரொம்புன டேங்க் அசையாது, கரண்ட் போனா அந்தத் தண்ணியும் உதவும். பூந்தொட்டி, பழைய நாற்காலி, உடைஞ்ச தகர ஷீட்டு, துணி காயப்போடற கம்பி, எல்லாத்தையும் கீழ இறக்கிடுங்க. டிஷ் ஆன்டெனாவை கழட்ட முடியலன்னா இறுக்கிக் கட்டுங்க. தென்னை மரத்துல முத்தின காயை எல்லாம் ரெண்டு நாள் முன்னாடியே பறிச்சுடணும், காத்துல வர்ற தேங்காய் குண்டு மாதிரி. வண்டியை மரத்தடியிலயோ காம்பவுண்ட் சுவர் ஓரத்துலயோ நிறுத்தவே கூடாது.

இன்னொண்ணு, நம்ம கரையில புயல் நம்மளை நோக்கி வரும்போது முதல்ல வடக்குலேர்ந்து அடிக்கும், மையம் தாண்டினப்புறம் தெக்குலேர்ந்து திரும்பி அடிக்கும். நடுவுல கொஞ்சம் அமைதியா இருந்தா முடிஞ்சிருச்சுன்னு டார்ச்சை எடுத்துக்கிட்டு மாடிக்கு போய் பாக்கற ஆம்பளைங்க எல்லா வீட்டுலயும் உண்டு. முதல் காத்துல பாதி சாஞ்சு நிக்கிற மரத்தை ரெண்டாவது காத்துதான் படுக்க வைக்கும். அதனால ரேடியோவோ நியூஸோ கடந்தாச்சுன்னு சொல்ற வரைக்கும் வாசப்படி தாண்டாதீங்க.

நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. எங்களுக்கு அந்த ராத்திரி பெருசா ஒண்ணும் ஆகல, பக்கத்து தெருவுல ஒரு முருங்கை மரம், ஒரு போஸ்ட்டு, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் வெளியில வந்து, சே இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு பேசிக்கிட்டாங்க.

ஆனா ஃபெஞ்சல் கரையைக் கடந்துட்டு கிளம்பிப் போகல, அங்கேயே நின்னுடுச்சு. வேகமா கடந்து போற புயல் மழையை பல ஊருக்குப் பிரிச்சுக் குடுத்துட்டு போயிடும், நிக்கிற புயல் கடல்லேர்ந்து ஈரத்தை இழுத்து இழுத்து ஒரே இடத்துல கொட்டும். விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில கிட்டத்தட்ட அதே அளவு. 20 சென்டிமீட்டர் தாண்டினாலே அதி கனமழைன்னு ரெட் அலர்ட் குடுக்கற ஊர்ல அதைப்போல ரெண்டரை மடங்கு. அப்புறம் மெதுவா வலு குறைஞ்சு மேற்கால நகர்ந்துச்சு. டிவியில வலுவிழந்தது வலுவிழந்ததுன்னு சொல்றாங்களே, அது காத்துக்கு சொல்றது, மழைக்கு இல்ல. வலுவிழந்த அதே சாமான்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில 50 சென்டிமீட்டர் கொட்டிச்சு, திருவண்ணாமலையில மலை சரிஞ்சு வீடு புதைஞ்சு 7 பேர் போனதும் அந்த ஞாயித்துக்கிழமைதான்.

இப்போ மேப்பை எடுத்துப் பாருங்க. தென்பெண்ணை கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பொறந்து, கிருஷ்ணகிரி வழியா வந்து, திருவண்ணாமலை மாவட்டத்துல சாத்தனூர் அணையில நின்னு, திருக்கோவிலூர் தாண்டி விழுப்புரம் மாவட்டம் வழியா எங்க ஊர்ல வந்து கடல்ல சேருது. அதாவது புயல் எங்களைத் தாண்டி மேற்கால போய் எங்கெங்க கொட்டிச்சோ, அந்த இடம் எல்லாத்தோட வடிகாலும் எங்க வீட்டு பக்கத்துல ஓடுது. புயல் நம்மளைத் தாண்டிப் போயிடுச்சுன்னு நாங்க நிம்மதியா இருந்த நேரத்துலதான் அது எங்களுக்கான தண்ணியை மேல சேத்துக்கிட்டு இருந்திருக்கு. சாத்தனூர் அணையோட முழு நீர்மட்டம் 119 அடி, அந்த சமயத்துல ஏற்கனவே கிட்டத்தட்ட ரொம்பி இருந்துச்சு, வர்றதை அப்படியே விடறதைத் தவிர வேற வழியில்ல. ஞாயிறு ராத்திரியிலேர்ந்து படிப்படியா ஏத்தி, திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாடி செகண்டுக்கு 1.68 லட்சம் கன அடி திறந்து விட்டாங்க. ஒரு கன அடின்னா 28 லிட்டர் சொச்சம், கணக்குப் போட்டா செகண்டுக்கு 47 லட்சம் லிட்டர். இதுல அணைக்கு கீழ பெஞ்ச மழை தனி, வழியில சேர்ற ஓடை எல்லாம் தனி.

முன்னெச்சரிக்கை குடுத்தாங்களா, அது போதுமான்னு அப்புறம் பெரிய அரசியல் சண்டையே நடந்துச்சு, அதுக்குள்ள நான் போகல. எங்க வீட்டுக்கு எப்படி தெரிஞ்சுதுன்னு மட்டும் சொல்றேன்.

எங்க நாத்தனார் திருக்கோவிலூர் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. திங்கக்கிழமை காலையில விடிஞ்சும் விடியாம போன் வருது. "அண்ணி, ஆறு நான் கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து இப்படி பாத்ததே இல்ல, கரையில இருந்த மோட்டார் கொட்டாய் எல்லாம் காணோம், அம்மாவை அங்க வச்சிருக்காதீங்க"ன்னு சொல்றாங்க, பின்னாடி தண்ணி சத்தம் ரயில் போற மாதிரி கேக்குது. நான் வெளியில வந்து பாக்கறேன், எங்க தெருவுல வெளிச்சம் நல்லா வந்துடுச்சு, எதிர் வீட்டுல துணி காயப்போடறாங்க. "நாத்தனார் ஊர்ல தண்ணி வருதாம், நமக்கு சாயங்காலத்துக்குள்ள வந்துடும்"னு சொன்னேன். "அதெல்லாம் கடலுக்குப் போயிடும் அக்கா, மழைதான் விட்டாச்சே"ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சுது.

இங்கதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. ஆத்தங்கரை ஊர்ல இருக்கறவங்க புயல் சமயத்துல தன் தலைக்கு மேல இருக்கற வானத்தைப் பாக்கறதுல பிரயோஜனம் இல்ல. துறைமுகத்துல ஏத்துற புயல் கூண்டு ஒண்ணுலேர்ந்து 11 வரைக்கும் கப்பலுக்கும் படகுக்கும் காத்து பத்தி சொல்றது, ஆத்துல என்ன வருதுன்னு அதுக்கு தெரியாது. நீங்க பாக்க வேண்டியது ரெண்டு விஷயம், உங்க ஆத்தோட மேல் பகுதியில எவ்வளவு மழை பெஞ்சிருக்கு, மேல இருக்கற அணையில நீர்வரத்து எவ்வளவு வெளியேற்றம் எவ்வளவு. இது டிவியில கீழ ஓடிக்கிட்டே இருக்கும், பேப்பர்ல தினம் போடுவாங்க, நம்ம கண்ணு தன்னால தாண்டிப் போயிடும். அதைவிட நல்லது மேல் ஊர்ல ஒரு சொந்தக்காரர், ஒரு ஃபிரண்டு, யாராவது ஒருத்தர் நம்பர். அவங்க வாசல்ல பாத்து சொல்றது நமக்கு சில மணி நேரம் முன்கூட்டியே கிடைக்கற சேதி. மாவட்ட கன்ட்ரோல் ரூம் 1077, மாநிலத்துக்கு 1070, ரெண்டையும் சுவத்துல எழுதி வைங்க, போன்ல மட்டும் வேணாம், போன் சார்ஜ் போயிடும்.

அந்த சில மணி நேரத்துல என்ன பண்ணோம். முதல்ல அத்தையை ஆட்டோவுல ஏத்தி டவுனுக்குள்ள மேடான பகுதியில இருக்கற என் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம், கூட பையனையும். அத்தைக்கு இஷ்டமே இல்ல, மழையே இல்லாம எதுக்குடி போவணும்னு ஒரே சண்டை. இன்சுலினை ஐஸ் போட்ட பிளாஸ்க்ல வச்சு, மாத்திரை, டாக்டர் சீட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டிய துணி. அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு பத்திரம், பாஸ்புக், பையனோட சர்டிஃபிகேட் எல்லாத்தையும் ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு டேப் ஒட்டி பையன் கையிலயே குடுத்தாச்சு. இது வீட்டுல இருக்கவே கூடாது, பரண்ல வச்சா பத்திரம்னு நினைக்கறாங்க, ஆனா பரணுக்கு போய் எடுத்துட்டு வர்ற நிலைமை அப்புறம் இருக்காது.

அடுத்தது அரிசி, பருப்பு, கேஸ் அடுப்பு, சிலிண்டர், கேன் தண்ணி, மாடி ரூமுக்கு. காலி சிலிண்டரை மறந்துடாதீங்க, அது மிதக்கும், மிதந்து போய் கதவை இடிச்சுக்கிட்டே கிடக்கும். மிக்ஸி, டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் ஏத்தியாச்சு. ஃப்ரிட்ஜை தூக்க முடியாது, டைனிங் டேபிள் மேல ஏத்திட்டோம், அதுக்கு பக்கத்து வீட்டு பசங்க ரெண்டு பேரு வந்தாங்க. வாஷிங் மெஷினை விட்டுட்டோம், போயே போச்சு. எதிர் சாரியில மாடு வச்சிருக்கற ஒரு பெரியவர் இருக்காரு, அவர்கிட்ட என் வீட்டுக்காரர் போய் மாட்டை ஓட்டிக்கிட்டு மேட்டுக்கு போங்கன்னு சொன்னாரு, அவர் மறுபேச்சு பேசல, உடனே கயித்தை அவிழ்த்தாரு. ஓட்டிக்கிட்டு போக நேரமில்லன்னாலும் கட்டை மட்டும் அவிழ்த்து விட்டுடணும், மாடு நீந்திக்கும், கட்டியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

கரண்டு விஷயத்துல ஒண்ணு கவனிங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டா முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. இன்வெர்ட்டர் இருக்கற வீட்டுல மெயின் ஆஃப் பண்ணின உடனே கரண்டு போயிடுச்சுன்னு நினைச்சு இன்வெர்ட்டர் தானா ஓட ஆரம்பிக்கும், லைட், ஃபேன் பாயின்ட்ல எல்லாம் கரண்டு இருந்துக்கிட்டே இருக்கும். இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணி, பேட்டரி வயரையும் கழட்டி வைக்கணும், தெரியலன்னா தெரிஞ்சவங்களை வச்சு முன்னாடியே பழகிக்குங்க.

தண்ணி எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், இதை நான் கண்ணால பாத்தேன். எல்லாரும் வாசப்படியில மணல் மூட்டை அடுக்கறாங்க, நாங்களும் அடுக்கினோம், வாசல்ல இன்னும் தெரு ரோடு தெரியுது. பாத்ரூம்ல குளுக் குளுக்னு ஒரு சத்தம். போய் பாத்தா தரையில இருக்கற சல்லடை மூடி லேசா தூக்கித் தூக்கி விழுது, ஓரத்துல கருப்பா தண்ணி ஊறுது, ரெண்டு கரப்பான்பூச்சி அதுலேர்ந்து வெளியில வந்து சுவத்துல ஏறுது. கொஞ்ச நேரத்துல டாய்லெட் கோப்பையிலயும் மட்டம் ஏறிடுச்சு. ஆறு வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி சாக்கடை வழியா வீட்டுக்குள்ள வந்துடுது, ஏன்னா சாக்கடை போய் சேர்ற இடத்துல மட்டம் ஒசந்துடுச்சுன்னா அது திரும்பித்தான் வரும். அதனால மணல் மூட்டையில முதல் மூட்டை பாத்ரூமுக்கு. பழைய துணியை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஓட்டையில அமுக்கி, மேல மணல் மூட்டை, டாய்லெட் கோப்பையிலயும் அதே. முழுசா நிக்காது, ஆனா அந்த அழுக்கு பெருசா உள்ள வராம கொஞ்ச நேரம் தாங்கும்.

அப்புறம் தெருவுல வந்த தண்ணி சத்தமே இல்லாம வந்துச்சு. அலை இல்ல, வேகம் இல்ல, முதல்ல பள்ளத்துல கோடு மாதிரி, அப்புறம் ரோடு காணோம், அப்புறம் பைக் சக்கரம் பாதி. நாங்க மாடி ரூமுக்கு ஏறிட்டோம், துணி காயப்போட்ட அந்த வீட்டுக்காரங்களும் ரெண்டு குழந்தைங்களோட எங்க மாடிக்குத்தான் வந்தாங்க. ராத்திரி முழுக்க கீழ பாத்திரம் ஒண்ணோட ஒண்ணு மோதற சத்தம். மறுநாள் மீனவர்ங்க ஃபைபர் படகுல தெருவுக்குள்ள வந்து குழந்தைங்களை எல்லாம் ஏத்திக்கிட்டு போனாங்க. படகு வந்தா பேக் எல்லாம் எடுக்கணும்னு அடம் பிடிக்காதீங்க, ஆளு மட்டும்தான். தண்ணிக்குள்ள நடந்தே போக வேண்டி வந்தா கையில ஒரு நீளக் கம்பு வச்சு முன்னாடி குத்திப் பாத்துத்தான் அடி வைக்கணும், ரோட்டு ஓர வாய்க்காலும் மூடி இல்லாத குழியும் தெரியவே தெரியாது. ஓடற தண்ணி முட்டி அளவு இருந்தாலே பெரிய ஆளையும் தள்ளிடும்.

தண்ணி வடிஞ்சப்புறம்தான் உண்மையான வேலை. முதல்ல எதையும் தொடாம போட்டோ எடுங்க, சுவத்துல தண்ணி நின்ன கோடு தெரியற மாதிரி, ஒவ்வொரு ரூமும், கெட்டுப்போன ஒவ்வொரு சாமானும். அரசாங்கம் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில பாதிச்ச குடும்பத்துக்கு ரேஷன் கார்டுக்கு 2000 ரூபா அறிவிச்சாங்க, அது வேற, ஆனா வீடு, வண்டி இன்சூரன்ஸ்னு போனா இந்த போட்டோ இல்லாம ஒருத்தரும் பேச மாட்டாங்க. என் வீட்டுக்காரரோட வண்டிக்கு இதுதான் உதவிச்சு.

வண்டின்னதும் ஞாபகம் வருது, தண்ணியில முங்கின பைக்கையோ காரையோ ஒரு தடவை ஸ்டார்ட் ஆவுதான்னு பாக்கக்கூட சாவியைத் திருப்பாதீங்க. இன்ஜினுக்குள்ள தண்ணி இருந்தா ஒரு ஸ்டார்ட்டுல கனெக்டிங் ராடு வளைஞ்சு இன்ஜினே போயிடும், அதை நம்மளே கெடுத்ததுன்னு இன்சூரன்ஸ்காரங்க கழட்டி விட்டுடுவாங்க. தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிட்ட போங்க.

சேறு. வெள்ளம் பத்தி பேசறவங்க யாரும் சேறு பத்தி பேச மாட்டாங்க. தண்ணி வீட்டை விட்டு வடியும்போது, கணுக்கால் அளவு இருக்கும்போதே, அதே தண்ணியை வச்சு விளக்குமாறால சேத்தைக் கலக்கி வெளியில தள்ளிடணும். நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டா காஞ்சு சிமெண்ட் மாதிரி ஆயிடும், அதுக்கப்புறம் கழுவ நல்ல தண்ணியும் இருக்காது. பக்கத்து வீட்டுல விட்டுட்டாங்க, பொங்கல் வரைக்கும் மண்வெட்டியால சுரண்டிக்கிட்டு இருந்தாங்க. கையில கிளவுஸ், கால்ல பூட்ஸ் இல்லன்னா பிளாஸ்டிக் கவரைச் சுத்தி கட்டிக்கிட்டாவது இறங்குங்க, கால்ல புண்ணு இருக்கறவங்க இறங்கவே வேணாம், எலிக்காய்ச்சல் இந்தத் தண்ணியிலதான் வருது. மெடிக்கல் கேம்ப் போட்டா டாக்டர் கிட்ட போய் தடுப்பு மாத்திரை நமக்கு வேணுமான்னு கேட்டுக்குங்க. அலமாரிக்கு பின்னாடி, ஷூவுக்குள்ள, மடிச்ச பாய்க்குள்ள கையை விடாதீங்க, எங்க வீட்டுல பூஜை அலமாரிக்கு அடியில ஒரு சாரைப்பாம்பு சுருண்டு படுத்திருந்துச்சு.

பஞ்சு மெத்தை, தலையணை, சோபா, இதெல்லாம் காய வச்சு எடுத்துக்கலாம்னு ஆசைப்படாதீங்க, உள்ளுக்குள்ள சாக்கடைத் தண்ணி, வெளியில காஞ்ச மாதிரி இருக்கும், மாசக்கணக்கா நாறும். சம்ப்பு தண்ணியை முழுசா இறைச்சு, தேய்ச்சுக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு மறுபடி இறைச்சப்புறம்தான் புதுத் தண்ணி, அதுவும் குளிக்க கொள்ளத்தான், குடிக்கறதுக்கு காய்ச்சித்தான் குடிக்கணும். நனைஞ்ச பேப்பர் பத்திரத்தை வெயில்ல போட்டா சுருண்டுடும், இஸ்திரி போட்டா மை கலைஞ்சுடும், நிழல்ல ஒவ்வொண்ணா விரிச்சு ஃபேன் காத்துல காய வைங்க.

ஃப்ரிட்ஜ் டேபிள் மேல இருந்ததால பொழைச்சுது. ஆனா சுவிட்ச் போர்டெல்லாம் சுவத்துல இடுப்புக்கு கீழ இருந்ததால உள்ள சேறு. வெளியில காஞ்ச மாதிரி இருந்தாலும் பைப்புக்குள்ள ஈரம் நிக்கும், சுவத்தைத் தொட்டாலே சுர்ருன்னு பிடிக்கும், அதனால ஒரு எலக்ட்ரீசியன் ஒவ்வொரு பாயின்ட்டா திறந்து பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் மெயினைப் போடாதீங்க, இருட்டுல இருந்தா பரவால்ல. எங்க வீட்டு மெயின் போர்டை மாடிப்படி பாதி உயரத்துக்கு ஏத்திடலாம்னு முடிவு பண்ணி சாமான் எல்லாம் வாங்கி வச்சாச்சு. எலக்ட்ரீசியன் அண்ணன் நாளைக்கு வரேன்னு சொல்லியிருக்காரு, ரொம்ப நாளா அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காரு.